டோரதிக்கு லீவு கிடையாது

ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனிக்கு எத்தனை சாஃப்ட்வேர் வேண்டும்? பத்து? சரி, தாராளமாக இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலவொளி லேப்ஸில் எண்பத்து மூன்று இருந்தன. பில் போட ஒன்று, ரிப்போர்ட் அனுப்ப ஒன்று, லீவு கேட்க ஒன்று, கேட்ட லீவு கிடையாது என்று சொல்ல இன்னொன்று. இதையெல்லாம் யார் வாங்கினது, எதுக்கு வாங்கினது என்று கேட்டால், தி. நகர் தலைமை ஆபீசில் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்ப்பார்கள். அவ்வளவுதான் பதில்.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் அமீன் அந்த டேஷ்போர்டைச் செய்தான். அமீன் தலைமை ஆபீசில் டேட்டா அனலிஸ்ட், ராயப்பேட்டைக்காரன். எண்பத்து மூன்று சாஃப்ட்வேரையும் ஒரே திரையில் எண்பத்து மூன்று கட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். நிறைய பேர் உபயோகித்தால் பெரிய கட்டம், இல்லாவிட்டால் சின்னது. கட்டத்தை அமுக்கினால் எத்தனை பேர், எந்தக் கிளை, யார் பொறுப்பு என்று எல்லாம் விரியும். அஞ்சு பேர்கூட உபயோகிக்காமல், பொறுப்பாளர் பெயரும் இல்லாமல் கிடக்கிற கட்டம் சிவப்பு. சிவப்பையெல்லாம் முப்பத்தொன்றாம் தேதி நிறுத்துவது என்று ஐ.டி. டைரக்டர் ஸ்ரீரங்கன் முடிவெடுத்து, படத்தை எல்லாக் கிளைக்கும் அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மயிலாப்பூர் கிளையில் அந்தப் படத்தைத் திறந்தாள் பிரிஸில்லா. சீனியர் டெக்னீஷியன், கிளைப் பொறுப்பும் அவளுடையதுதான், வயது நாற்பத்தேழு, சாந்தோம்காரி. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கை அதைவிட வேகம். பச்சை பச்சையாக வந்த பெரிய கட்டங்களையெல்லாம் தள்ளிக்கொண்டே போனவள், கீழே வலது மூலையில் கடுகு சைசில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்து நின்றாள். அமுக்கினாள். 'அபாய அளவுப் பதிவேடு. உபயோகிப்பவர்: 1. பெயர்: டோரதி. பொறுப்பாளர்: இல்லை.'

அதை மூடிவிட்டு மறுபடி அமுக்கிப் பார்த்தாள். அதேதான்.

அது என்ன பதிவேடு என்று சொல்லிவிடுகிறேன். லேபில் எல்லாரும் அதைக் கறுப்பு ஸ்கிரீன் என்பார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அந்தக் காலத்து ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்ததே, அதே தினுசு. எந்தக் கிளையில் எடுத்த ரத்தமாக இருந்தாலும், சர்க்கரையோ உப்போ உயிருக்கு ஆபத்தான அளவைத் தாண்டினால் போதும், பதினொரு கிளையிலும் ஒரே நேரத்தில் ஒரு வரி திறக்கும். யாருக்குக் கை ஒழிந்திருக்கிறதோ அவர்கள் அதை எடுத்து டாக்டருக்குப் போன் போட வேண்டும். டாக்டர் கிடைக்காவிட்டால் நோயாளி வீட்டுக்கு. யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதுகிறவரை அந்த வரி மின்னிக்கொண்டே கிடக்கும், மூடாது. பச்சைக் குழந்தை அழுகிற மாதிரி நச்சரித்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பதிலாக வரப்போகிற புது சாஃப்ட்வேர் என்ன செய்யும் தெரியுமா? டாக்டருக்கு மெயில் அனுப்பும். எந்த டாக்டர் ஐயா உட்கார்ந்து மெயில் பார்க்கிறார்?

சரி, அப்படிப்பட்ட ஒன்றை உபயோகிப்பவர் ஒருத்தர்தானா என்றால், அங்கேதான் வம்பு. கறுப்பு ஸ்கிரீன் வந்தபோது நிலவொளிக்கு மயிலாப்பூர் ஒரு கிளைதான். பொறுப்பில் இருந்தது டோரதி ஒருத்திதான். அப்புறம் அடையாறு, திருவான்மியூர், மேற்கு மாம்பலம் என்று கிளைகள் முளைத்தன. புது ஆள் பெயரைச் சேர்க்க, செய்து கொடுத்த கம்பெனியைத்தான் கேட்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தக் கம்பெனியோ கடையைச் சாத்திக்கொண்டு போயிருந்தது. அதனால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் டோரதியின் பாஸ்வேர்டிலேயே உள்ளே போனார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் டோரதி ரிடையர் ஆனபோது, வழியனுப்பு விழாவில் கேக்கைச் சாப்பிட்ட கையோடு, பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி பிரிஸில்லா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எந்தக் கிளையில் புது ஆள் சேர்ந்தாலும் முதல் போன் பிரிஸில்லாவுக்குத்தான். "டோரதி போட்டாச்சா?" என்றால் அந்த வரியைக் கவனித்தாயா என்று அர்த்தம். இதுகூடப் பரவாயில்லை. பதிவில் டோரதி என்றே விழுவதால், டாக்டர்கள் திருப்பிக் கூப்பிட்டால் குழப்பம் வரக்கூடாதே என்று, போனிலும் எல்லாரும் "டோரதி பேசறேன்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். திருவான்மியூர் கிளைப் பொறுப்பில் நோயல் என்று ஆறடி ஆள் ஒருத்தன், கட்டைக் குரலில், கொஞ்சமும் வெட்கப்படாமல் "டோரதி பேசறேன் டாக்டர்" என்பான்.

சிரிக்கலாம். ஆனால் பிரிஸில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்து நாலு பேர் உபயோகிக்கிறோம், நிறுத்தாதீர்கள் என்று சொன்னால், எப்படி உபயோகிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். போன வருஷம் அடையாறில் ஒருத்தி தன் பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள் என்று அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிஸில்லா கொடுத்தது ஒருத்திக்கா? பதினொரு கிளைக்கு! வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் கறுப்பு ஸ்கிரீன் போகும்.

"நீ வாயை மூடிக்கினு இரு பிரிஸி," என்றார் வீட்டில் புருஷன் ஆண்ட்ரூ. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், யாரையும் விசில் அடித்தே அடக்குகிறவர். "லிண்டா பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் கீது. நீ ஒருத்திதான் ஊருக்கு உசிரைக் காப்பாத்தறியா?"

பிரிஸில்லா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, தோளில் லேப்டாப் பையோடு ஒருவன் மயிலாப்பூர் கிளைக்குள் நுழைந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கையில் ஒரு டப்பா அல்வா.

"நான் அமீன், ஹெட் ஆபீஸ். டோரதி மேடத்தைப் பாக்கணும்."

கவுன்ட்டரில் இருந்த நாலு பேரும் பின்னால் நின்ற பிரிஸில்லாவைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, யோசிக்காமல், "லஞ்சுக்குப் போயிருக்காங்க சார்" என்று சொல்லித் தொலைத்தாள்.

"பதினோரு மணிக்கா? வாய்ப்பே இல்லையே. டோரதி மேடம் லஞ்சே சாப்பிட மாட்டாங்க," என்றான் அமீன். குரலில் கிண்டல் துளிகூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து பிரிஸில்லா பக்கம் திருப்பினான். "நீங்களே பாருங்க மேடம். பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான், ஞாயித்துக்கிழமை, ஒரு நாள் லீவு கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் வேலை. இதைப் பாருங்க, போன செவ்வாய்க்கிழமை பத்து பதினேழுக்கு அடையாறுல இருக்காங்க. அதே பத்து பதினேழுக்கு மாம்பலத்துலயும் இருக்காங்க. நம்ம கம்பெனியிலேயே இப்படி உழைக்கிறவங்க வேற யாரும் இல்லை. அதான், கையைக் குலுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

கோடி அற்புதர் அந்தோனியாரே ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில்தான் நின்றாராம். டோரதி பதினோரு இடத்தில் நிற்கிறாள். பிரிஸில்லா அந்தத் திரையைப் பார்த்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை. நாள் முழுக்க அவர்கள் ஓடுகிற ஓட்டம் அப்படியே சின்னச் சின்னப் புள்ளியாக அங்கே விழுந்திருந்தது. காலை ஏழரைக்கு, வெறும் வயிற்று ரத்தம் எடுக்கிற கூட்டம் முடிந்ததும், புள்ளிகள் குப்பென்று கூடுகின்றன. ராத்திரியில் ஒன்றிரண்டு. மழை வெள்ளத்தில் ஊர் மிதந்த அந்த மூணு நாளில்கூடப் புள்ளிகள் நிற்கவில்லை. அவள் வேலையை வெளியிலிருந்து ஒருத்தன் பார்த்துப் படமாகப் போட்டு அவளுக்கே காட்டுவது இதுதான் முதல் தடவை. அடேயப்பா, இவ்வளவா செய்கிறோம் என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

"அப்புறம் இன்னாத்துக்குக் கடுகு மாதிரி போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு இன்னா தானாக வரும்.

"அது என் தப்பு மேடம். எத்தனை பேருன்னு எண்ணினேன். எத்தனை வேலைன்னு எண்ணியிருக்கணும்."

அவள் பதில் சொல்வதற்குள் கறுப்பு ஸ்கிரீனில் ஒரு வரி திறந்தது. அடையாறு கிளை. அன்வர் பாஷா, அறுபத்தொரு வயது, ஆதம்பாக்கம். பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று, அஞ்சைத் தாண்டவே கூடாதது. பிரிஸில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் நம்பர் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாராம். அடுத்த நிமிஷம் வீட்டு நம்பர்.

"நிலவொளி லேப்லேருந்து டோரதி பேசறேன். அன்வர் பாஷா வீடா?"

"நான் அவர் சம்சாரம் அஸ்மத்துன்னிசா. நாள் பூரா உக்காந்து சோபாவுக்கு உறை தைக்கிற மனுஷன், காலையிலேருந்து கைகால் அசதியா இருக்குன்னு படுத்தே கெடக்காரும்மா. தெம்பா இருக்கட்டும்னு இளநி சீவி வெச்சிருக்கேன், குடுத்துட்டு வந்து பேசட்டுமா?"

"குடுக்காதீங்க!" என்று பிரிஸில்லா போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த இளநியைக் கீழ வைங்கம்மா. ஒரு வாய்கூடக் குடுக்கக்கூடாது. பழம், ஜூஸ் எதுவும் கூடாது. ரத்தத்துல ஒரு உப்பு ஏறிக் கிடக்கு, இளநியில அதேதான் இருக்கு, இதயத்தைப் பாதிக்கும். பயப்படாதீங்க, நான் சொல்றபடி செய்ங்க. உங்களுக்குப் பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி? ஆட்டோ கூப்பிடுங்க. ரிப்போர்ட் உங்க போனுக்கு வந்துடுச்சு, எமர்ஜென்சியில அதைக் காட்டுங்க. போய்ச் சேர்ந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

இருபத்தைந்து நிமிஷம் அந்த வரி மின்னிக்கொண்டே இருந்தது. பிரிஸில்லா எழுந்திருக்கவில்லை. அமீனும் எழுந்திருக்கவில்லை. அல்வா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். போன் வந்தது. சேர்த்துவிட்டார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள். பிரிஸில்லா நேரத்தை எழுதினாள், வரி மூடியது. 'தகவல் சொன்னவர்: டோரதி' என்று பச்சை எழுத்து தானாக விழுந்தது.

அமீன் அல்வா டப்பாவை மேஜைமேல் வைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "நான் ஒரு புள்ளிதான் போட்டேன் அக்கா. அந்த ஒரு புள்ளிக்குள்ள இவ்வளவு இருக்குன்னு தெரியாது."

மேடம் அக்காவாகிவிட்டாள். அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாஸ்வேர்டு, சீட்டு, நோயலின் கட்டைக் குரல், எல்லாம்.

"நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன்," என்றான் அமீன். "வெள்ளிக்கிழமை மீட்டிங்ல கட்டத்தை மட்டும் சரியான சைசுல காட்டறேன். ஆனா ஒண்ணு அக்கா. பொறுப்பாளர்னு யாராவது ஒருத்தர் பேரு வேணும். அந்த இடம் காலியா இருந்தா ஸ்ரீரங்கன் சார் விட மாட்டார், நிறுத்திடுவார். பேரு போடறவங்க இதெல்லாம் எப்படி நடந்ததுன்னு பதில் சொல்லித்தான் ஆகணும்."

வெள்ளிக்கிழமை அவள் ஆட்டோவில் தி. நகர் போனாள். "இன்னாம்மா, எங்க பாத்தாலும் நோண்டிப் போட்டுக்கீறானுங்க," என்று மெட்ரோ வேலையைத் திட்டிக்கொண்டே ஓட்டினார் டிரைவர். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனாள். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மீட்டிங் அறையில் பதினொரு கிளைப் பொறுப்பாளர்கள், சுவரில் பெரிய டி.வி., அதில் அமீனின் கட்டங்கள். ஸ்ரீரங்கன் ஒல்லியாக, நெற்றியில் கீற்றாகத் திருமண்ணோடு, கையில் குச்சியுடன் நின்றார். ஒவ்வொரு சிவப்பாகக் கேட்டு, நிறுத்து, நிறுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்தக் கடுகு.

"இது என்ன? ஒரே ஒருத்தர் வெச்சுண்டிருக்கறதுக்கு ஒரு சாஃப்ட்வேரா? நிறுத்து."

"சார், ஒரு நிமிஷம்," என்றான் அமீன். "இதுவரைக்கும் ஆளை எண்ணிப் பார்த்தோம். இப்ப வேலையை எண்ணிப் பார்ப்போம்."

ஒரு பட்டனை அமுக்கினான். அவ்வளவுதான். மூலையில் கிடந்த கடுகு மெல்ல வீங்க ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டங்களை முட்டித் தள்ளிக்கொண்டு, டி.வி.யில் கால்வாசியைப் பிடித்து உட்கார்ந்தது. எட்டு வருஷம், பதினொரு கிளை, லட்சத்துத் தொண்ணூறாயிரம் போன் அழைப்பு. ஸ்ரீரங்கன் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த லீவு சாஃப்ட்வேர், எல்லாரும் வாட்ஸ்ஆப்பிலேயே லீவு கேட்பதால், சுருங்கிச் சுருங்கி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். என்ன கெட்டிக்காரத்தனம் இந்தப் பிள்ளைக்கு! ஒரு வார்த்தை வாதாடவில்லை, படத்தைப் பேசவிட்டு ஒதுங்கி நிற்கிறான்.

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாரு இந்த டோரதி?"

நோயல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமீன் வாயைத் திறக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். 'பொறுப்பாளர்' என்ற இடம் டி.வி.யில் வெள்ளையாகக் காலியாக இருந்தது.

பிரிஸில்லா எழுந்தாள். "டோரதி ரிடையர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு சார். அந்தப் பேருல வேலை செய்யறது நாங்க அறுபத்து நாலு பேரு. பாஸ்வேர்டை எல்லாருக்கும் குடுத்தது நான் ஒருத்திதான். தப்புன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். என்னை வேணா அனுப்பிடுங்க சார், அதை மட்டும் நிறுத்தாதீங்க. அது இல்லாட்டி புதன்கிழமை ஆதம்பாக்கத்துல ஒருத்தர் இளநி குடிச்சுச் செத்திருப்பார்."

ஸ்ரீரங்கன் அவளையே பார்த்தார். அப்புறம் டி.வி.யைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நடந்துண்டிருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியலை," என்றார். "நான் உங்களுக்கு மெமோ குடுத்தே ஆகணும், தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்."

"வாங்கிண்டு ஆத்துல போய் உக்காந்துடப்படாது. அமீன், பொறுப்பாளர் இடத்துல இவா பேரைப் போடு. எழுத்துப் பிழை இல்லாம போடு." குச்சியை மேஜைமேல் வைத்தார். "ஆனா எல்லாருக்கும் தனித்தனிப் பேரு வேணும். செஞ்சவன் கடையைச் சாத்திட்டான். எப்படிச் சேக்கறது?"

பிரிஸில்லா டோரதிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சாந்தோமில் குக்கர் விசிலுக்கு நடுவிலிருந்து அறுபத்தெட்டு வயசுக் குரல் வந்தது.

"புது ஆள் சேக்கணுமா? எஃப் ஒன்பதை அமுக்கினா ஒரு பக்கம் வருமேடி, அதுல பேரை அடிச்சுச் சேத்துக்க வேண்டியதுதானே. எட்டு வருஷமா இதைக் கேக்க உனக்கு வாய் வரலியா? வேற எல்லாத்துக்கும் வருது!"

அறையே வெடித்துச் சிரித்தது. ஸ்ரீரங்கனும்தான். பிரிஸில்லா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறு வாரம் அறுபத்து நாலு பேருக்கும் சொந்தப் பெயர் வந்தது. மெமோவும் வந்தது. பிரிஸில்லா அதை ஆண்ட்ரூவிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, விசிலைத் தேடுகிறவர் மாதிரி சட்டைப் பையைத் தடவினார். அப்புறம் உள்ளே போய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

அமீன் இன்னொரு வேலையும் செய்திருந்தான். பழைய டியூட்டி சார்ட்டையும், எந்தக் கம்ப்யூட்டர் என்பதையும் பொருத்திப் பார்த்து, டோரதி என்று விழுந்த புள்ளிகளை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தான். 'மயிலாப்பூர், காலை டியூட்டி' என்று அமுக்கினால் வந்தது: 'பிரிஸில்லா, 11,482.' அவள் அந்த எண்ணை விரலால் தொட்டாள். அத்தனை தடவையும் போன் எடுத்தவர்கள் அவள் பேச்சைத்தான் கேட்டார்கள், அத்தனையும் இன்னொருத்தி பெயரில் கிடந்தது. இப்போது கண்ணீர் வந்தது, அவள் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை கவுன்ட்டருக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் மெலிந்து, மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் கையில் ஒரு பை.

"நான் அஸ்மத்துன்னிசா, ஆதம்பாக்கம். இங்க டோரதி அம்மா யாரு? பாக்காம போக மாட்டேன்."

கவுன்ட்டரில் எல்லாரும் பிரிஸில்லாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்தாள்.

"டோரதி ரிடையர் ஆயிட்டாங்கம்மா. அன்னிக்கு உங்ககிட்டப் பேசினது நான்தான். என் பேரு பிரிஸில்லா."

அஸ்மத்துன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டென்று முகம் மாறியது. "அய்யோ! எட்டு நாளா அஞ்சு வேளையும் டோரதின்னு பேரைச் சொல்லியில்ல துஆ கேட்டேன்! எல்லாம் அவங்களுக்குப் போயிருக்குமே!"

"போனா போகட்டும்மா," என்றாள் பிரிஸில்லா, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி. "அவங்களுக்கும் வயசாச்சு, தேவைப்படும்."

"அது சரி. இன்னிலேருந்து உங்களுக்குத்தான். பேரை இன்னொரு வாட்டி சொல்லுங்க, தப்பாச் சொல்லிடக்கூடாது."

"பிரிஸில்லா."

"பிரிஸில்லா," என்று திருப்பிச் சொன்னாள் அஸ்மத்துன்னிசா. கணவர் பக்கம் திரும்பி, "நீங்களும் சொல்லுங்க, மறந்துடுவீங்க," என்றாள்.